இமைமுடிக்கு ஒரு சீட்டு

அண்ணி வரிசையில் நின்றாள். என் மருந்துக்கடையில் அவள் ஒருநாளும் வரிசையில் நின்றதில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே உள்ளே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்லுவாள். அன்றைக்கு இருமல் மருந்து கேட்ட பெரியவருக்குப் பின்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி யாரோ போல நின்றாள். முறை வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"இமைமுடி வளர மருந்து இருக்குல்ல, அது இங்க கிடைக்குமா?"

"கிடைக்கும். டாக்டர் சீட்டு இருக்கா?"

"நீ இருக்கும்போது சீட்டு எதுக்குடி?"

"நான் இருக்கறதாலதான் அண்ணி சீட்டு கேக்கறேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள் நான். அந்த மருந்தைப் பற்றி அவளுக்குச் சொன்னதே நான்தான். அண்ணனுக்கு இடது கண்ணில் அழுத்தம். தினமும் படுக்கப் போகும்போது அந்தக் கண்ணுக்கு மட்டும் ஒரு சொட்டு மருந்து. சில மாதங்களில் அந்தப் பக்கத்து இமைமுடி மட்டும் கருகருவென்று நீண்டு வளைந்துவிட்டது. செல்போன் ரிப்பேர் செய்கிற மனிதன், பூதக்கண்ணாடியை மாட்டினால் முடி கண்ணாடியில் இடிக்கிறது என்று புலம்பினான். அண்ணி அவனுக்குக் கன்னுக்குட்டி என்று பேர் வைத்தாள். "அது அந்த மருந்தோட குணம் அண்ணி, முடி வளரவும் இதையேதான் எழுதித் தராங்க" என்று நான் விளக்கம் வேறு கொடுத்தேன். அவளுக்கு இமைமுடியே இல்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

புற்றுநோய்க்கான சிகிச்சையில் எல்லா முடியும் கொட்டிப் போயிருந்தது. தலைமுடி திரும்பி வந்தது, அதுவும் சுருட்டையாக. புருவமும் வந்தது. இமைமுடி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றுவிட்டது. மழலையர் வகுப்பு டீச்சர் அவள். மற்றவர்கள் முகத்தைத் தள்ளி நின்று பார்ப்பார்கள். அவளுடைய மாணவர்கள் மடியில் ஏறி, கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிற வகை. ஒட்டு இமைமுடி வைத்துக்கொண்டு போனாள். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் தாளில் அது விழ, வகுப்பே "பூச்சி! பூச்சி!" என்று பெஞ்சு மேல் ஏறிவிட்டது. அதைக்கூடச் சிரித்துச் சிரித்துத்தான் எங்களுக்குச் சொன்னாள். ஆனால் ஒரு சின்னப் பெண், "மிஸ், உங்க கண்ணு ஏன் ட்ரெஸ் போடல?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து வகுப்பிலும் கறுப்புக் கண்ணாடிதான். குழந்தைகள் மடிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வேலையையே விட்டுவிடலாமா என்று அவள் யோசிப்பதாக அண்ணன் சொன்னான்.

அதனால்தான் அன்றைக்குக் கடையில், "கண் டாக்டர்கிட்ட போலாம் அண்ணி, நானும் வரேன்" என்றேன்.

"இன்னொரு டாக்டரா? உசுரோட விட்டதே பெரிசு, இதுல அழகு வேற கேக்குதா இவளுக்குன்னு நினைக்க மாட்டாங்க?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை விட வருத்தம் அதிகமாக இருந்தது.

அதற்கப்புறம் சில வாரங்கள் கழித்து அவளைப் பார்த்தபோது இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. மேல் இமையோரத்தில் ஊசிமுனை போலப் புது முடி. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அண்ணனின் மருந்தில் கை வைக்கிறாள் என்று புரிந்துவிட்டது. ஆனால் அண்ணன் அடுத்த பாட்டில் வாங்க வழக்கமான நாளில்தான் வந்தான். என்னை உறுத்தியது அதுதான். அவளும் விட்டால் பாட்டில் சீக்கிரம் தீர வேண்டும். தீரவில்லை என்றால், யாரோ ஒருவர் விடவில்லை.

அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லுண்ணா. நீ கண்ணுக்கு மருந்து விடறியா, இல்லையா?"

இரண்டு பேரும் தேள் கொட்டிய திருடன் போல விழித்தார்கள். கடைசியில் அவன்தான் போனைப் பார்த்தபடியே பேசினான்.

"அவ தினம் ஒரு சொட்டு எடுத்து ரெண்டு கண்ணுக்கும் தொட்டுக்கறது எனக்குத் தெரியும். பாட்டில் சீக்கிரம் தீந்துட்டா, மாட்டிக்கிட்டோமேன்னு கூனிக் குறுகிப் போவா. அதான் நான் போட்டுக்கறதை நிறுத்திட்டேன்."

"உன் கண்ணு?"

"வலிக்கவே இல்லையே."

"அது வலிக்காதுண்ணா! வலிக்காமயே பார்வையைத் தின்னுடும்!"

அண்ணி மடித்த துண்டாலேயே அவனை அடித்தாள். "சொல்லியிருக்கலாம்ல? லூசு மாதிரி! சொல்லியிருக்கலாம்ல?" அடித்த கையாலேயே அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜாடிக்கேற்ற மூடி. இரண்டையும் நான்கு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மறுநாள் இரண்டு பேரையும் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா அண்ணனின் கண்ணைப் பார்த்து, அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார். ஓரப் பார்வை குறைந்திருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், போனது போனதுதான், திரும்பாது என்றார். பிறகு அண்ணியின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதைக் கேக்க என்னம்மா வெக்கம்? உங்க முகம், நீங்க கேக்கலாம்" என்று சீட்டு எழுதினார். "கண்ணுக்குள்ள விடாதீங்க. மேல் இமை ஓரத்துல சின்ன பிரஷால லேசாத் தடவணும். ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் தொடக் கூடாது."

பரிசோதனை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருட்டில், ஓரங்களில் வெளிச்சப் புள்ளி வரும். தெரிந்தால் அண்ணன் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அண்ணியின் கையில் சீட்டு கசங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதவில் காதை வைத்திருந்தாள்.

டிக்.

"வெரி குட்" என்றாள், வகுப்பில் சொல்வது போல மெல்ல.

டிக். "வெரி குட்." டிக். "வெரி குட்."

பிறகு சத்தம் இல்லை. இமையில் தங்க இடமில்லாமல் கண்ணீர் நேரே கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. அடுத்ததைச் சொல்வதற்கு வாயைத் திறந்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவோடு கதவாக நின்றாள்.