கர்னலே சொல்லட்டும்

"சுங்க வரிதாங்க காரணம். வடக்கத்தியான் வரி போட்டான், நம்மாளு துப்பாக்கிய எடுத்தான். இதுல அடிமை எங்கருந்து வந்தான்?"

"மாநில உரிமைய விட்டுட்டியே, டப்."

"அதையும் சேத்துக்கங்க மிஸ் வெர்பீனா. இடமா இல்ல? பலகை மூணடி அகலம்!"

நூலகத்தின் பின்னறையில் நடந்த இந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆராய்ச்சியை ஆல்தியா மங்கின் கேட்டுக்கொண்டிருந்தாள். தெற்குக் கரோலினாவின் அந்தச் சிறிய ஊரில், நீதிமன்ற வாசலில் நிற்கும் கர்னல் லைல்ஸ் சிலைக்கு ஒரு விளக்கப் பலகை வைக்க நாலு பேர் குழு. இரும்புக் கடை டப் ஹாட்சர், வார இறுதிகளில் தென்மாநிலப் படையின் சாம்பல் நிறச் சீருடை அணிந்து போரை நடித்துக் காட்டி, தோற்ற போரில் மறுபடி மறுபடி தோற்றுவருபவர். பாரம்பரிய மாதர் சங்கத் தலைவி வெர்பீனா கிராஸ்லண்ட். குழுத் தலைவர் பிரென்டிஸ் லைல்ஸ், கர்னலின் வம்சம். சிலையின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. நாலாவது, நூலகர் ஆல்தியா. அவளுடைய முன்னோர் கர்னலின் பருத்திக் காட்டில் அவருடைய சொத்தாக இருந்தவர்கள். போர் எதற்காக நடந்தது என்று அந்தச் சதுக்கத்தில் ஒரே ஒரு வரி உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வாசகம் வந்தது. அதில் அடிமைமுறை என்ற சொல்லைக் கண்டதும் வெர்பீனாவுக்கு மூச்சு முட்டியது. "வெளியூர்க்காரன் நமக்குப் பாடம் எடுக்க வேணாம். கர்னலே சொல்லட்டும்! அவர் பேசினது, ஒரு எழுத்து மாறாம!" தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதலில் கை தூக்கியவள் ஆல்தியா.

கர்னல் பேசியதை மற்ற மூவரும் படித்ததே இல்லை. ஆண்டுதோறும் மே மாதம் மலர்வளையம் வைப்பதற்கும் சத்தியம் செய்வதற்கும்தான் அந்த ஊரில் கர்னல். படிப்பதற்கு அல்ல. 1860இல், மாநிலம் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோக முடிவெடுத்த மாநாட்டில் அவர் பேசிய பதினோரு பக்கம் நூலகப் பெட்டியில் பத்திரமாகத் தூங்கியது. இன்று ஆல்தியா அதை எழுப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

வெர்பீனா முக்கால் மணி நேரமாகப் பலகைக்கு ஏற்ற வாக்கியம் தேடிக்கொண்டிருந்தார்.

"இதோ! 'எங்கள் உரிமை புனிதமானது.' எவ்ளோ அழகு!"

"அடுத்த வரியையும் படிச்சிருங்க," என்றாள் ஆல்தியா.

"'நீக்ரோவை உடைமையாக வைத்திருக்கும்...' ச்சே."

டப் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "சுங்க வரியப் பத்தி ஒண்ணுமே இல்லியா?"

"ஒரு சொல்கூட இல்ல."

"வேற எதப் பத்தித்தான் பேசினாரு மனுசன்?"

"வெயிலப் பத்தி ஒரு இடத்துல. அதுல வேலை செய்ய நாங்கதான் லாயக்காம். பக்கத்துலயே 'பலத்த கைதட்டல்'னு அச்சாயிருக்கு."

"அன்னிக்கு அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்," என்றார் வெர்பீனா.

"பதினோரு பக்கத்துக்குமா?"

"ஆல்தியா கண்ணு, குதர்க்கம் பேசாத. பழைய தீர்மானத்த ரத்து பண்ணிருவோம். யாரெல்லாம் சரிங்கறீங்க?" அவரே முதலில் கை தூக்கினார். டப் கூரையைப் பார்த்தபடி பாதிக் கை தூக்கினார். அதையும் வெர்பீனா முழுதாக எடுத்துக்கொண்டார். ஆல்தியாவின் கை மடியிலேயே இருந்தது. இன்னொரு கை உயர்ந்தால் கர்னலின் வாய் மூடிவிடும்.

பிரென்டிஸ் இதுவரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் ஓட்டுப் போட்டுட்டுக் கெளம்பறேன். எனக்கு இதப் படிச்சுத்தான் தெரியணும்னு இல்ல. எங்க வீட்டு மனுசரு அவரு."

"எங்க வீட்டு மனுசரும் அதுல இருக்காரு," என்றாள் ஆல்தியா. "ஏழாம் பக்கம். 'விடுதலை வேண்டுமா என்று என் ஐசமைக் கேட்டுப் பாருங்கள்'னு சபையில சொல்றாரு கர்னல். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. ஐசம் மங்கின் எங்க கொள்ளுத் தாத்தாவோட அப்பா. அவர யாரும் கேக்கல."

டப்பின் கை மெல்ல இறங்கியது. வெர்பீனா குளிர்ந்த தேநீரைத் தேவையில்லாமல் கலக்கினார். பிரென்டிஸின் கை மட்டும் மேசைக்கும் தோளுக்கும் நடுவே நின்றது.

ஆல்தியா அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"மிஸ்டர் பிரென்டிஸ், கைய எங்க வேணாலும் வச்சுக்கங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்த மட்டும், உங்க வாயால, எங்க மூணு பேருக்கும் கேக்கற மாதிரி படிங்க."