பல்பு இல்லாமல் எரிந்த விளக்கு

எதிர்வீட்டுத் தையலக்காவின் கார் பத்தே நாளில் இரண்டு தடவை நடுரோட்டில் நின்றது. இரண்டு தடவையும் அதைக் கயிறு கட்டி இழுத்துவந்ததைத் தெருவில் முதலில் பார்த்தவள் நான். ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டிருப்பவளுக்கு இதெல்லாம் ஒரு சாதனையா?

இரண்டு தடவையும் மகளைச் செக்கப்புக்குக் கூட்டிப்போகும் வழி. மகளுக்கு ஒன்பதாம் மாதம், மருமகனுக்குக் கப்பலில் வேலை, ஆஸ்பத்திரியோ நாற்பது நிமிடத் தூரம். வலி எடுத்து ஓடுகிற அன்றைக்கு வண்டி நின்றால்? இந்தக் கவலை அக்காவுக்கு இருந்தது. மறந்துவிடப் போகிறாளே என்று நான் தினமும் போய் ஞாபகப்படுத்தினேன்.

"அவர் இருந்தவரைக்கும் இது ஒருநாள்கூட நின்னதில்ல," என்றாள் அக்கா.

அவர் என்றால் கணக்கு சார், அக்காவின் வீட்டுக்காரர். போய் எட்டு மாதம் ஆகிறது. அதுவரை ஷெட்டில் கிடந்த காரை மகளுக்காகத்தான் அக்கா இப்போது வெளியே எடுத்தாள். நல்ல மனுஷர்தான். ஆனால் முனகுகிற எதுவும் அவருக்கு ஆகாது. காலிங்பெல் ஒயரை வெட்டிவிட்டார். கதவு திறந்திருந்தால் கீச்சிடும் ஃப்ரிட்ஜின் வாயில் டேப் ஒட்டினார். கடைசியில் சொந்த நெஞ்சே முனகியபோது, "ஒண்ணுமில்ல, வாயு" என்று திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான்.

பேட்டரிக்காரர் இரண்டு முறை வந்து பார்த்தார். பானெட்டைத் திறந்து, எஞ்சினை உறுமவிட்டு, மீட்டரைக் காட்டினார்.

"பாருங்க, டைனமோ பேட்டரிக்குப் பதினாலு வோல்ட் அனுப்புது, சார்ஜ் ஏறுது. பேட்டரியும் புதுசு. வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமயா ரெண்டு தடவை நின்னுச்சு? வேண்டுதலா அதுக்கு?" என்றேன் நான்.

மூன்றாம் முறை வந்தவர் கொஞ்சம் யோசித்தார். "நான் தொடமாட்டேன். நீங்க எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்கக்கா," என்று மீட்டரோடு முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால் ஏறினேன்.

"நீ எதுக்குடி?"

"சாட்சிக்கு."

மடியில் குழந்தை தூங்குவது போலத்தான் அக்கா கார் ஓட்டுவாள். மீட்டரில் பன்னிரண்டரை இருந்தது. கடைத்தெரு தாண்டும்போது பன்னிரண்டு. பாலத்தருகே அதற்கும் கீழே போய்விட்டது.

"ஒரு சொட்டுகூட ஏறல. இருக்கறதைத் தின்னுட்டு ஓடுது," என்றார் பேட்டரிக்காரர். "இப்ப ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிங்க."

அக்கா பயந்துகொண்டே மிதித்தாள். வண்டி கத்தியது. மீட்டர் பதினாலுக்குத் தாவியது.

ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். டேஷ்போர்டில் மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்தன. சார்ஜ் ஏறாதபோது எச்சரிக்கிற, பேட்டரிப் படம் போட்ட சிவப்பு மட்டும் எரியவில்லை.

"பழைய மாடல்க்கா. இந்தப் பல்பு வழியாத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகும். அது இல்லன்னா டைனமோ தூக்கத்துலயே சுத்தும். ஓங்கி மிதிச்சா மட்டும் தானா முழிச்சுக்கும். நான் உறுமவிட்டுப் பாத்ததாலதான் எனக்குச் சரியாவே காட்டிச்சு. சார் எப்படி ஓட்டுவாரு?"

"கிளம்பும்போது என் ஜன்னல் கண்ணாடியே ஆடும்," என்றேன்.

"அதான் அவருக்கு நிக்கல."

அக்கா குனிந்து டேஷ்போர்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஆனா அந்த விளக்கு எரியுதே தம்பி. மகளைக் கூட்டிட்டுப் போன ரெண்டு நாளும் எரிஞ்சுதே. செவசெவன்னு. நான் பாத்தேனே."

அவர் டேஷ்போர்டைக் கழற்றினார். பல்பு இருக்கவேண்டிய ஓட்டையில் தூசிதான் இருந்தது. பல மாதத் தூசி.

பல்பு வீட்டில் கிடைத்தது, சாரின் காம்பஸ் டப்பாவில். காகிதத்தில் சுற்றி, மேலே அவருடைய உருண்டை எழுத்தில் 'தொல்லை' என்று எழுதியிருந்தது. பேட்டரிக்காரர் அதையே பொருத்தினார். சாவியைத் திருப்பினால் எரிந்தது, எஞ்சின் ஓடினால் அணைந்தது. அக்காவின் பூப்போன்ற மிதிக்கும் பதினாலு ஏறியது.

"அப்ப நான் பாத்தது என்ன?"

"வெயில் பட்டிருக்கும்க்கா," என்றார். சொல்லிக்கொண்டே திருகாணியை இரண்டு முறை கீழே போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று சின்ன மீட்டர் ஒன்றைக் காரிலேயே செருகிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலையில் வலி எடுத்தது. மகளோடு பின்சீட்டில் நான். வண்டி ஒழுங்காக ஓடியது. நான் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பதினாலு, பதினாலு, பதினாலு.

பாதி வழியில் சிவப்பு எரிந்தது.

"அக்கா, சார்ஜ் ஏறுது, விளக்கும் எரியுது. ரெண்டும் சேர்ந்து நடக்கக்கூடாதே!"

அக்கா பிரேக் போட்டாள். விளக்கைப் பார்த்தாள், பின்னால் திரும்பி மகளைப் பார்த்தாள். "உனக்கு என்னடி பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் மகள். அப்பா பெற்ற பிள்ளை. உதடு வெளுத்திருந்தது. அக்கா இறங்கிவந்து போர்வையை விலக்கினாள். சீட் முழுக்க ரத்தம். ஒட்டி உட்கார்ந்திருந்த நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அடுத்த சந்திலேயே ஒரு சின்ன நர்சிங்ஹோம் இருந்தது. அங்கே ஓடினோம். பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று போயிருந்தால் இரண்டு பேரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று டாக்டரம்மா எங்களைத் திட்டினார். பாதிக்கு மேல் எனக்குத்தான்.

சாயங்காலம் துணிமணி எடுக்க அக்காவும் நானும் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அக்கா சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். குழந்தைக்கு யார் மூக்கு என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

சிவப்பு எரிந்தது.

சாவி அக்காவின் உள்ளங்கையில் இருந்தது. மகள் டாக்டர் பக்கத்தில் பத்திரமாக இருந்தாள். காருக்குள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் செய்யல," என்றாள். "உனக்கு என்னடி பண்ணுது?"

ஊரார் சங்கதி ஒன்றும் என் வாயில் தங்கியதில்லை. ஆனால் காலையிலிருந்து இடது தோளிலிருந்து விரல் வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாயுவாகத்தான் இருக்கும்.

"ஒண்ணுமில்லக்கா," என்றேன்.

விளக்கு அணையவில்லை. அக்கா சாவியை மறுபடி நுழைத்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக, கணக்கு சாரைப்போலவே, என் ஜன்னல் கண்ணாடி ஆட ஆட வண்டியை உறுமவிட்டு, வந்த வழியே திருப்பினாள்.