பாலை, வீரை, முதிரை

லூசியா கறுப்புப் பொலித்தீன் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூன்று பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மாட்டெரு. கையால் அள்ளிப் போட்டு, பையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, விளிம்புக்கு ஒரு விரல் இடம் விட்டு வரிசையில் வைப்பாள். மீராசாஹிபின் நர்சரி உக்குவளையில் ரயில் பாதைக்கும் ஓடைக்கும் நடுவே இருந்தது. கறுவா, சாதிக்காய், மிளகு, ஒட்டு மாங்கன்று, ஹோட்டல்காரர்கள் கேட்டு வாங்கும் பாம் என்ற அலங்காரப் பனை வகைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். பத்து வருடமாக அவளுக்கு அங்கேதான் வேலை.

1996 ஜூலை மாதம் அது. வெள்ளை ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் திலகரத்ன. தம்புள்ளைக்கு அப்பால் ஒரு குளக்கரையில் எழும்பிக்கொண்டிருந்த ஹோட்டலின் தோட்டத்துக்குப் பொறுப்பானவர். ஏற்கனவே இரண்டு லோடு பாம் கன்று வாங்கிப் போயிருந்தார்.

"இன்னொரு லோடு வேணும் முதலாளி," என்றார் சிங்களத்தில். "போன தடவை கொண்டு போனதும் கருகிப் போச்சு."

மீராசாஹிப் பில் புத்தகத்தை எடுக்க உள்ளே திரும்பினார். லூசியா மண் கையோடு எழுந்து நின்றாள்.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. இதுவும் அங்க நிக்காது. ஆறு மாசம் வெயில் காயிற பூமி அது. இந்தக் கன்டுக்கு நித்தம் தண்ணி வேணும்."

மீராசாஹிப் அவளைப் பார்த்தார், பிறகு திலகரத்னவைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரிதான் புள்ள. செத்துப் போவுதுன்னு தெரிஞ்ச கன்டை மூணாந்தரமும் வித்துட்டு, நான் எந்த மொகத்தோட பள்ளிக்குத் தொழப் போறது?" என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னதைத் திலகரத்னவுக்குச் சிங்களத்தில் விளக்கினார்.

திலகரத்ன கோபப்படவில்லை. "அப்ப அங்க எது நிக்கும்?" என்று நேராக அவளிடமே கேட்டார்.

"அதை அங்க வந்து பார்த்தாத்தான் சொல்லலாம் சேர்," என்றாள் லூசியா. அவளுடைய சிங்களம் கடைத்தெருச் சிங்களம்தான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

மறுநாளே ஜீப்பில் அழைத்துப் போனார். ஹோட்டலுக்கும் குளத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஏக்கர் செம்மண் வெறுமனே கிடந்தது. கட்டட வேலைக்காரர்கள் புல்டோசரால் காட்டைத் தள்ளியிருந்தார்கள். தள்ளியதை மறுபடி காடாக்கித் தராவிட்டால் திறக்க அனுமதி இல்லை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. காடு என்றால் என்னவென்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. பாம் கன்றும் புல்லும் நட்டுப் பார்த்திருந்தார்கள்.

லூசியா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்தன. ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பட்டையை நகத்தால் சுரண்டினாள். சிவந்த உட்பட்டையில் பால் கசிந்த தழும்பு காய்ந்திருந்தது.

"இது பாலை."

திலகரத்ன கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவருக்குப் படித்த பெயர்கள்தான் தெரியும். தானும் குனிந்து பட்டையைத் தொட்டார். "பலு?"

"ஆமா, நீங்க பலுங்கிறது. இது வீரை."

"வீர!" இரண்டு பெயரும் ஒன்றுபோல இருந்ததில் அவர் சிரித்துவிட்டார்.

"இது முதிரை. மஞ்சளா வைரம் தெரியுது பாருங்க."

"புருத."

அன்று மத்தியானம் வரை அப்படியே போனது. அவள் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் சொல்ல, சில கட்டைகளுக்கு இருவரும் பட்டையை முகர்ந்து பார்த்துப் பொருத்திக்கொண்டார்கள். கரையோரம் மருது, அதற்கு மேலே நாவலும் பனிச்சையும், மேட்டில் பாலை, வீரை, முதிரை, இடையிடையே கொன்றை. "முதல்ல வீரையை நிறைய வைங்க சேர். பழத்துக்குக் குருவி வரும். குருவி வந்தா மிச்சக் காட்டை அது விதைச்சுக்கும்," என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். வேலைக்கார மனுஷி சொல்வதை ஒருவர் நின்று எழுதியது லூசியாவுக்கு அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து மகள் மரிய கொறற்றியிடம் அதையே இரண்டு தரம் சொன்னாள்.

லூசியாவுக்கு அந்த மரங்கள் எல்லாம் வவுனியாவில் பழக்கமானவை. பிறந்தது உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எழுபத்தேழு கலவரத்தில் லயத்தை எரித்தபோது, அவளும் புருஷன் நோபர்ட்டும் உடுத்த துணியோடு லொறி ஏறி வவுனியாவுக்குப் போனார்கள். காடு வெட்டிக் குடியேறிய இடம். அங்கே நோபர்ட் விறகு வெட்டினான், அவள் கட்டித் தலையில் சுமந்தாள். எது வெடிக்காமல் எரியும், எது கோடரியைத் திருப்பி அடிக்கும், எந்தப் பழம் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று ஏழு வருடத்தில் படித்துக்கொண்டாள். நோபர்ட் மலேரியாவில் போனான். எண்பத்து நாலில் ஆமிக்காரர்கள் குடிசைகளைக் காலி பண்ணச் சொன்னபோது, நாலு வயது மகளோடு திரும்பவும் மாத்தளைக்கு வந்தாள்.

ஆகஸ்ட்டில் குளத்துக்கு மறுகரைக் காட்டில் விதை பொறுக்கினார்கள். பாலைக்குக் காலம் பிந்திவிட்டது என்று, உதிர்ந்து கிடந்ததில் ஈரம் போகாததை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தாள். மீராசாஹிப் நர்சரியின் பாதியை அதற்கென்று ஒதுக்கினார். தென்னோலைப் பந்தல் போட்டு, பூவாளியால் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, நாலாயிரம் பைகளை லூசியா பிள்ளை வளர்ப்பதுபோலத்தான் வளர்த்தாள். மகளை அந்தப் பந்தலுக்குள் உட்காரவைத்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இங்கிலீஷ் புத்தகத்தை வாசிக்கச் சொல்வாள். லூசியாவுக்கு விளங்காது, ஆனால் கேட்கப் பிடிக்கும்.

நவம்பர் மழைக்கு, வளர்ந்த மட்டில் கன்றுகள் லொறி ஏறின. பதினெட்டுப் பேர் சேர்ந்து மூன்று கிழமை நட்டார்கள். எந்தக் கன்று எங்கே என்று லூசியாதான் குச்சி ஊன்றிக் காட்டினாள். ஜனவரி முடிவில் போய்ப் பார்த்தபோது பத்துக்கு எட்டு தளிர்த்திருந்தது. வீரைக் கன்றுகளின் சின்ன இலைகள் வெயிலில் எண்ணெய் பூசியதுபோல மினுங்கின. அவள் வரிசையின் நடுவில் நின்று நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

பெப்ரவரியில் ஹோட்டலைப் பார்க்க ஒரு மந்திரி வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். சிவில் உடுப்பில் இருந்த உயரமான ஒருவரைத் திலகரத்ன கன்றுகளுக்கு நடுவே நின்ற லூசியாவிடம் அழைத்து வந்தார். நெஞ்சு நிறைந்த பெருமையோடு சொன்னார்: "இதெல்லாம் இந்தம்மா சொன்னது. பெயரெல்லாம் அப்படியே மனப்பாடம். எங்க புத்தகத்தில் இல்லாததும் தெரியும்."

அந்த மனிதர் சிரித்தார். நல்ல தமிழிலேயே கேட்டார். "எங்க அம்மா கத்துக்கிட்டீங்க?"

"வவுனியாவுல சேர். கலவரத்துல லயத்தை எரிச்சப்போ அங்க போனோம். ஏழு வருஷம் விறகு பொறுக்குனேன்."

"காட்டுக்குள்ளயா?"

"ஆமா சேர். காட்டுக்குள்ளதான்."

அவர் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவளுக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. இரண்டாவது மனிதர் தான் சொன்னதை எழுதுகிறார் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பொலிஸ் ஜீப் நர்சரிக்கு வந்தது. லூசியா கையைக் கழுவிக்கொள்ளவும் நேரம் கொடுக்கவில்லை. மீராசாஹிப் ஜீப்பின் பின்னாலேயே ரோடு வரை ஓடினார். "சேர், இது பத்து வருஷமா எங்கிட்ட வேலை செய்யிற பொம்பளை. அல்லாஹ் மேல சத்தியமா..." ஜீப் போய்விட்டது.

டவுனில் ஒரு ஸ்டேசனில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒரே கேள்விகள். எந்தக் காடு, எந்த வழி, இயக்கத்துப் போராளிகளில் யாருக்கு என்ன கொண்டு போனாய்.

"காட்டுல யாரைப் பார்த்தே?"

"விறகுதான் சேர் பார்த்தேன்."

"பதின்மூன்று வருஷம் கழிச்சும் அந்தக் காடு ஏன் இவ்வளவு ஞாபகம்?"

"என் புருஷனை அங்கதான் பொதைச்சேன் சேர்," என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார், பிறகு அதை எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

நூருன்னிஸா, மீராசாஹிபின் மனைவி, மரிய கொறற்றியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தன் மகளோடு ஒரே பாயில் படுக்க வைத்தாள். அது நோன்புக்குப் பிந்திய கிழமைகள். பள்ளிவாசலில் லூசியாவுக்காகத் துஆ கேட்டு வேண்டினார்கள் என்று பிறகு சொன்னாள். தினமும் மத்தியானம் பிலாக்காய்க் கறியும் சோறும் கட்டி ஸ்டேசனுக்கு அனுப்பினாள். உள்ளே போனதா என்று தெரியாமலேயே அனுப்பினாள். ஆறு நாள் மட்டும் அவளிடம் போய்ச் சேர்ந்தது.

திலகரத்ன ஐந்தாம் நாள்தான் செய்தி அறிந்தார். தம்புள்ளையிலிருந்து பஸ்ஸில் வந்தார். கம்பெனி ஜீப்பைக் கொடுக்க மறுத்துவிட்டது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஸ்டேசன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால், மடியிலிருக்கும் மரப்பட்டியலைக் காட்டி, "இது நான் அவங்க வாயால கேட்டு எழுதினது. இதில் குற்றம் இருந்தா என்னையும் உள்ளே போடுங்க," என்பார். ஐந்து நாள் அப்படி வந்தார். ஒன்பதாம் நாள் பின்னேரம் லூசியாவை விட்டார்கள்.

வாசலில் அவரைக் கண்டதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்," என்றார்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சேர். நீங்க நல்லதைத்தானே சொன்னீங்க. எனக்கு ஒரு அடிகூட விழலை. மாதாவுக்கு நன்றி. பக்கத்து அறையில இருந்த புள்ளைங்களுக்கு அப்படி இல்ல." பிறகு கேட்டாள்: "கன்டுக்குத் தண்ணி ஊத்துறாங்களா?"

ஊற்றுவதாகச் சொன்னார். அவள் இனி அங்கே வரக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டதையும் சொன்னார். சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் காலை நர்சரிக்குப் போனபோது, தன் இடத்தில் வேறு யாராவது இருப்பார்கள் என்றுதான் லூசியா நினைத்தாள். அவள் பாதி நிரப்பிவிட்டுப் போன பை அப்படியே மண்குவியலின் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. மீராசாஹிப் தொலைவிலிருந்தே சத்தம் போட்டார். "என்ன புள்ள பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? ஒம்பது நாளா மண்ணு காஞ்சு கெடக்குது." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குந்தினாள். பைகளைத் தட்டி வைக்கும்போதெல்லாம் ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். நூருன்னிஸா, மீராசாஹிப், திலகரத்ன. பேனாவை நிறுத்திய அந்தப் பொலிஸ்காரரின் பேர் தெரியாததால், அவரை அப்படியே நினைத்துக்கொண்டாள்.

ஜூனில் திலகரத்ன ஒரு தடவை வந்தார். ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு கிலோ பாலைப்பழம் கொண்டு வந்திருந்தார், அந்த வருடத்துப் பழம். "ஹோட்டல் திறந்தாச்சு. வீரைக் கன்றுகளுக்குள்ள கொண்டைக்குருவி திரியுது. வெள்ளைக்காரர்கள் கமராவோட நிற்கிறாங்க," என்றார். லூசியா எல்லாவற்றையும் கேட்டாள். எந்த வரிசை, எத்தனை குருவி, மருது தண்ணீரைத் தொட்டுவிட்டதா. பழத்தைப் பிதுக்கிப் பசையைக் கழுவி, அன்றே விதைத்தாள்.

பொலிஸ் லூசியாவை விட்டபோது போட்ட நிபந்தனை ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு ஸ்டேசனில் கையெழுத்து வைக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவள் நேராக அங்கே போவாள். கையெழுத்துக்காரர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். தோட்டத்துப் பையன்கள், கடையில் நிற்கும் பிள்ளைகள், ஒரு வாத்தியார். முற்றத்தின் மதிலோரம் வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். நிழல் ஒரு பொட்டும் கிடையாது.

ஒரு ஞாயிறு பொறுப்பதிகாரி வெளியே வந்து அவளைக் கூப்பிட்டார். அதட்டாமல்தான் பேசினார். "நீதானே மரக்காரி? ஜீப் கொதிக்குது. முற்றத்தில் நிழலுக்கு ஒரு மரம் வேணும். சட்டென்று வளருகிற மாரா ஒன்று கொண்டு வா."

"மாரா காத்துல கொப்பு முறியும் சேர். ஜீப்பு மேல விழும். இலுப்பை வைக்கலாம், நீங்க மீ மரம்னு சொல்றது. நம்ம ஊரு மரம். பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்."

"எத்தனை வருஷத்தில் நிழல் தரும்?"

"பத்து வருஷமாவது ஆகும் சேர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்குள்ள நான் பென்சன் போயிருப்பேன். சரி, எங்கயாவது நட்டுத் தொலை."

அடுத்த ஞாயிறு மீராசாஹிப் காசு வாங்காமல் கொடுத்த இடுப்புயரக் கன்றோடு, தோளில் குழி தோண்ட ஒரு அலவாங்கோடு, லூசியா பூசையிலிருந்து வந்தாள். வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக நின்றவள், அந்த இடத்தை விட்டு விலகி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஜீப் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். பிறகு மதிலோரம் வந்து, வரிசையின் நடுவே நின்ற வாத்தியாரை ஓரடி தள்ளி நிற்கச் சொன்னாள்.

"இங்கயா அம்மா?" என்றார் அவர்.

"இங்கதான் சேர். பத்து மணி வெயிலுக்கு நிழல் இப்படித்தான் விழும். வரிசையில மொத ஆளுலேருந்து கடைசி ஆளு வரைக்கும் வரும்."

அவள் தோண்டிய இரண்டடிக் குழியில் வாத்தியார் கன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். லூசியா பையைக் கிழித்து எடுத்து, வேர் நோகாமல் மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, குழாயடியில் நிரப்பிய வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கியது. கைமண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது வரிசை வளர்ந்திருந்தது. அவளுடைய இடத்துக்கு ஆள் வந்திருந்தது. லூசியா முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கேற்றுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.