நாங்கள் கண்ட வால்வெள்ளி

மார்கழியில நத்தார்ப் பண்டிகைக்கு வானத்தில தெரியுமெண்டு பேப்பர்காரர் எழுதின வால்வெள்ளி தை பிறந்தும் தெரியேல்லை. என்ர மனுசன் லெஸ்லி, கூரைத்தண்ணி இறங்கிற பீலிக்குழாயால தானே செய்த டெலஸ்கோப்பை ஒவ்வொரு அந்தியும் பின்வளவில வைச்சு, துறைமுகத்துக்கு மேலால தேடிக்கொண்டு நிண்டார். தேத்தண்ணி கொண்டுபோய் நுளம்புக்கடி வாங்கினது நான்.

ஒரு நாள் தூறல் விட்டதும், “றோஸ், ஓடிவாரும்! முதல்ல நீர் பாரும்” எண்டார்.

கண்ணை வைச்சன். ஒரே இருட்டு. அவற்ர முகத்தைப் பார்த்தன்.

“ஓம், நல்ல வடிவு. நீள வால்” எண்டன்.

அவரும் குனிஞ்சு கனநேரம் பார்த்தார். “ஓமப்பா, என்ன வடிவு!”

உள்ளுக்குத் தூக்கிக்கொண்டு போகேக்கதான் கண்டன். மழைக்கு அவர் போட்ட பால்மா டின் மூடி குழாய் வாயில அப்பிடியே இருந்தது.

“நாளைக்கும் பார்ப்பமா?” எண்டார்.

“ஓம். நாளைக்கு மூடியைக் கழட்டிப்போட்டுப் பார்ப்பம்.”