மருந்துச் சாப்பாடு

என் வீட்டுக்காரர் கார்த்திகேசுவுக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். அடுத்த மூன்று மாதத்திலும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் நூர் ஃபாத்திஹா சொன்னதும் மனிதர் வெளிறிப் போனார்.

எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. காலை மாத்திரையை என் கண் முன்னால்தான் விழுங்குகிறார். மாலை மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சூலியா தெருவில் தான் வேலை பார்க்கும் பணம் மாற்றும் கடைக்குப் போகிறார். இரவில் என் கையால் சப்பாத்தியும் பீன்ஸ் பொரியலும். இதில் சர்க்கரை எந்த வழியாக ஏறுகிறது?

மறுநாள் மாலை பசாருக்குப் போன கையோடு அவரைப் பார்க்கப் போனேன். எதிரே இருந்த நாசி கண்டார் சோற்றுக் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவர் வாயே திறக்கவில்லை. அதற்குள் கடைக்கார இக்மல் தட்டை நீட்டினான். சோறு தெரியாத அளவுக்குக் குழம்பு, மேலே பொரித்த கோழி.

"அண்ணே, உங்க மருந்துச் சாப்பாடு ரெடி லா!"

என்னைக் கண்டதும் இவர் திருதிருவென்று விழித்தார். "டாக்டர்தானே சொன்னாங்க, மாத்திரைய வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு?"

"அப்ப ராத்திரி என் சப்பாத்தி?"

"நீ கஷ்டப்பட்டு சுட்டு வெச்சிருக்க. வேணாம்னா உன் முகம் வாடிப் போயிடும் லா."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாத்திரைக்காக ஒரு சாப்பாடு, எனக்காக ஒரு சாப்பாடு. தனக்கென்று ஒரு வாய் சாப்பிடவில்லை, பாவம்!

மாலை மாத்திரையை அவரிடமிருந்து வாங்கி வீட்டிலேயே வைத்தாலும் இவர் கால் இங்கேதான் வரும். அதனால் தினமும் சாயங்காலம் சப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு நானே கடைக்கு வந்தேன். அவர் சாப்பிட்டு மாத்திரையை விழுங்கும் வரை எதிரில் உட்கார்ந்து காவல் காத்தேன். முதல் நாளே நான் எனக்கும் ஒரு தட்டு சோறு சொன்னபோது முறைத்துப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க? கடையில சும்மா உட்கார்ந்தா மரியாதையா?" என்றேன்.

இக்மலுக்குத் தாராளக் கை. குழம்பு ருசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அவருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வந்தது வந்தீர்கள், உங்களுக்கும் பார்த்துவிடுவோம் என்று விரலில் குத்தினார். கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததும் டாக்டரின் சிரிப்பு நின்றது. அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத குமுதா. மாத்திரை கொடுத்தா சாயந்திரம் நானே சப்பாத்தி சுட்டு இக்மல் கடைக்குக் கொண்டு வர்றேன். நீ சாப்பிட்டு மாத்திரை போடுற வரைக்கும் எதிர்லயே உட்கார்ந்திருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "சும்மா உட்கார்ந்தா மரியாதை இல்லயே, எனக்கு ஒரு தட்டு சொல்லிக்கிறேன்."