ஏழு கும்பிடு

பாண்டீஸ்வரனுக்கு வாட்ஸ்அப் குரூப் என்றால் உயிர். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அவர் சூப்பர்வைசர். வேலைக்கு வரும் ஏழு பெண்களையும் குரூப்பில் சேர்த்திருந்தார். விடிந்தால் காலை வணக்கம். செவ்வாய், வெள்ளி வீரபாண்டி கௌமாரியம்மன். நடுவில் வெந்தயத்தின் மகிமை. ஒவ்வொன்றுக்கும் பெண்கள் கும்பிடும் கை போட்டார்கள். மனுஷனுக்கு அதில் ஒரு குளிர்ச்சி.

அந்த வெள்ளிக்கிழமையும் அம்மன் படம் போட்டார். அடுத்து, மேற்குப் பந்தலில் மருந்து அடித்திருக்கிறது, இன்று யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினார். ஏழு கும்பிடும் வந்துவிட்டன. நிம்மதியாக உரம் வாங்கச் சின்னமனூருக்குக் கிளம்பினார். தோட்டத்து வாசலைத் தாண்டித்தான் பைக் போனது. இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெண்கள் வழக்கம்போல மேற்குப் பந்தலில் இலை கிள்ளப் போனார்கள். முதலில் போன சுருளியம்மாள் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில், இன்றைய பொழுது போகட்டும், பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

முதலாளி போனில் கேட்டார். குரூப்பில் சொல்லிவிட்டேன், எல்லாரும் கும்பிட்டிருக்கிறார்கள் என்றார் பாண்டீஸ்வரன். அப்படியென்றால் உன் மேல் தப்பில்லை என்றார் முதலாளி. அந்த ஆறுதல் போனை வைக்கும்வரைகூட நிற்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஏழு பேரில் ஒருத்தியும் மற்றவர்களை வேலைக்குக் கூட்டிவருபவளுமான முனீஸ்வரி வார்டு வாசல் பெஞ்சில் இருந்தாள்.

"கேக்காமயா கும்புடு போட்டீக?" என்றார்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "நீங்க அனுப்புறதுக்குப் பூராவும் போட்டுருவோம்ணே. போடலைன்னா வருத்தப்படுவீக. வேலைக்கு ஓடியார அவசரத்துல எதத் தொறந்து கேக்க?"

பாண்டீஸ்வரனுக்கு முகம் சுருங்கிப்போனது. போன மாதம் சுருளியம்மாளிடம், அம்மனுக்குக்கூட ஒரு கும்பிடு போட மாட்டாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டது அவர்தான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சுவர் ஓரமாகத் திரும்பி நின்றுகொண்டு குரூப்பில் பேசினார். தப்பு என்னுடையது, நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள் என்று இரண்டு நிமிஷம் பேசி அனுப்பினார்.

அரை நிமிஷத்தில் ஆறு கும்பிடு வந்தன. அவற்றில் ஒன்று, பின்னால் பெஞ்சில் இருந்த முனீஸ்வரி போட்டது.

ஏழாவதும் வந்தது. சுருளியம்மாளின் போனிலிருந்து.

பதறிப்போய்த் திரும்பினார். அந்தப் போன் முனீஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுருளியம்மாளின் மகள் கையில் இருந்தது. அவர் பார்ப்பதைக் கண்டு அவள் எழுந்து நின்றாள்.

"நீங்க என்ன அனுப்புனாலும் ஒடனே போட்டுரணும்னு அம்மா சொல்லிருக்கு, மாமா."

பாண்டீஸ்வரன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து நேரில் சொல்ல ஆரம்பித்தார்.