தலைவரின் மூன்றாவது சீட்டு

என் கணவருக்குக் கண் போதாது என்று இசாயாமா சொன்னது, அவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் காரியச் சாப்பாட்டில். என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, நான் பொரித்த கடுகு அடைத்த தாமரைக்கிழங்கை மென்றுகொண்டே சொன்னார்.

"டொயோநாகா தங்கமான மனுஷன். ஒரே குறை, கண்ணு கொஞ்சம் போதாது."

அவர் இருந்த பழம்பொருள் சங்கத்து ஆட்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இசாயாமா இன்னொரு துண்டு கேட்டார். வைத்தேன். அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்கு என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

அவர்கள் கூட்டத்தில் கண் என்றால் வேறு. பழைய ட்சுபா ஒன்றைக் கையில் எடுத்ததும் இது எந்த ஊர், எந்தப் பட்டறை, எத்தனையாவது தலைமுறை என்று சொல்லத் தெரிய வேண்டும். ட்சுபா என்பது வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் அறுபடாமல் இருக்க மாட்டும் உள்ளங்கை அகல இரும்புத் தட்டு. வாளும் போய், வாள் பிடித்தவனும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சமிருக்கும் தட்டுகளை வைத்துக்கொண்டு குமமோத்தோவில் சில கிழவர்கள் மாதாமாதம் மல்லுக்கட்டுகிறார்கள். அதில் இதுவரை யாருக்கும் விரல் போனதில்லை.

என் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். இசாயாமா ஷோச்சு சாராயம் வடிக்கும் சாலைக்கு முதலாளி, சங்கத்துக்குத் தலைவர். எங்கள் பக்கத்தில் ஒரு ட்சுபாவுக்கு மரியாதை வர வேண்டுமென்றால், அதை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் இசாயாமா தூரிகையால் பெயர் எழுதித் தர வேண்டும். அவர் எழுதாத பெட்டி வெறும் பெட்டி.

என் கணவரிடம் ஒரு நாரை இருந்தது. இறக்கையை விரித்து வட்டமாக வளைந்து நிற்கும் நாரை. சுற்றிலும் இரும்பை அறுத்தெடுத்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பழைய ஹிகோ பட்டறையின் முதல் தலைமுறை வேலை என்பது அவர் கட்சி. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அதைப் பெட்டியோடு துணியில் சுற்றி இசாயாமா வீட்டுக்குக் கொண்டுபோவார். அந்தப் பெரிய மனிதர் எழுத்தில்லாத மூடியைப் பார்ப்பார். உள்ளே இருப்பதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

"யோகோஹாமாவுல வெள்ளைக்காரனுக்கு விக்கச் செஞ்ச போலிச் சரக்குப்பா இது" என்பார்.

இப்படியே இருபது வருஷம். திரும்பி வந்து, "இன்னைக்கு அவருக்கு வேலை ஜாஸ்தி" என்பார் என் கணவர். நானும் நம்பியதாகக் காட்டிக்கொள்வேன்.

எனக்கு ட்சுபாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கண் போதாது என்ற அந்தப் பேச்சை இசாயாமா திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வழியை அவர்களே காட்டினார்கள். சங்கத்துச் செயலாளர் மிடோரிகாவா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணி, இந்த மாசக் கூட்டத்த அவர் நினைவா உங்க வீட்டுலயே வச்சுக்கலாம்னு இருக்கோம். அவரோடதுல மூணு ட்சுபா எடுத்து வைங்க. பெட்டி வேணாம், பேரும் சொல்லாதீங்க. நாங்க பார்த்துட்டுச் சீட்டுல எழுதிக் குடுப்போம். சரியா இருந்தா 'பட்டது', தப்பா இருந்தா 'இல்லை'. ஒரு ட்சுபாவுக்கு ஆளுக்கு மூணு சீட்டு, அவ்ளோதான்."

"நடுவர் யாரு?"

"பொருளுக்குச் சொந்தக்காரங்கதான். விடைய அவர் எழுதி வச்சிருப்பாரே?"

"அதெல்லாம் இருக்கும்" என்றேன்.

எதுவும் இல்லை. எல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது. நாரையைப் பற்றி மட்டும் அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். தினமும் கேட்டால் யாருக்கும் வந்துவிடும்.

வந்தார்கள். தேநீர் ஆறும்வரை என் கணவரின் நல்ல குணங்களைப் பேசினார்கள். பிறகு முதல் ட்சுபாவைத் துணிமேல் வைத்தேன். இசாயாமா கண்ணாடியைக் கழற்றி, விளிம்பை மட்டும் விரல்நுனியால் பிடித்து, மூச்சு இரும்பில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தார். கோயிலில்கூட அவர் அவ்வளவு பயபக்தியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"விளிம்புல பாருங்க, எலும்பு மாதிரி முடிச்சு முடிச்சா நிக்குது. ஓவாரி ஊர் வேலை. சந்தேகமே இல்ல."

சீட்டில் எழுதி நீட்டினார். மடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். மீன்கடைப் பட்டியல் அது.

"இல்லை" என்றேன்.

இசாயாமா மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"ஆமாமா. இது முடிச்சு இல்ல, துரு. கைப்பக்குவம் மென்மையா இருக்கு. கியோத்தோ."

"பட்டது."

"நான் முதல்லயே கியோத்தோனு நெனச்சேன்" என்றார் பல் டாக்டர் குசானோ. அவர் சீட்டிலும் ஓவாரிதான் இருந்தது.

இரண்டாவதில் எல்லோருக்கும் இரண்டு தடவை "இல்லை" சொன்னேன். ஒவ்வொரு "இல்லை"க்கும் அதே இரும்பில் புதிதாக ஏதோ தெரிந்தது அவர்களுக்கு. ஒருவருக்குக் கறுப்பு நீலமாயிற்று. இன்னொருவருக்குத் தடிமன் குறைந்தது. மூன்றாவது சீட்டில் இசாயாமா எழுதியதற்குப் "பட்டது" என்றதும் மற்றவர்கள் கை தட்டினார்கள். என் ஒரு வார்த்தைக்கு வளைந்து கொடுக்கிற கண்ணை வைத்துக்கொண்டா என் மனிதரைக் குறை சொன்னார்கள்!

மூன்றாவதாக நாரையை வைத்தேன். இசாயாமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இருபது வருஷமாக மூடியைத்தானே பார்த்தார்.

"ஹிகோ வழி. ஆனா பிந்தின காலம்."

"இல்லை."

"அப்போ மூணாவது தலைமுறை."

"இல்லை."

அவர் நெற்றியில் வியர்வை. நாரையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இரும்போட பளபளப்பப் பாருங்கய்யா. யோக்கான் அல்வாவ வெட்டுனா உள்ள தெரியுமே, அந்த ஈரம். இத வேற யாரு செஞ்சிருக்க முடியும்? முதல் தலைமுறை. என் ஆயுசுல கையில எடுத்ததுல இதுதான் உசத்தி."

"பட்டது, தலைவரே."

ஆ என்றார்கள். குசானோ நெற்றி பாயில் படக் குனிந்தார். நான் எழுந்துபோய், எழுத்தில்லாத அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து நாரையின் பக்கத்தில் வைத்தேன்.

இசாயாமா கண்ணாடியை மாட்டினார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது அந்த... யோகோஹாமா..."

"அதேதான்."

"அப்போ டொயோநாகா எழுதி வச்ச விடையே தப்பு. பாவம், அவர் கண்ணுதான்..."

"அவர் எதுவும் எழுதி வைக்கல" என்றேன். மீன்கடைப் பட்டியலைப் பிரித்து அவர்முன் வைத்தேன். "கானாங்கெளுத்தி ரெண்டு, கணவாய் ஒண்ணு. இத வச்சுத்தான் மத்தியானத்துல இருந்து உங்களுக்குத் தீர்ப்பு சொல்லிட்டிருக்கேன். பட்டது, இல்லை, எல்லாம் என் வாய்க்கு வந்ததுதான். கியோத்தோ கிழக்க இருக்கா மேற்க இருக்கான்னே எனக்குத் தெரியாது. நீங்கதான் எல்லாத்துக்கும் ஆமாம்னீங்க."

இசாயாமாவின் காது சிவந்தது. இப்போது மன்னிப்புக் கேட்பார், என் கணவர் படத்தின் முன்னால் தலை குனிவார் என்று நினைத்தேன். நான் ஒரு அசடு.

மிடோரிகாவாதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, இது யாட்சுஷிரோ சங்கத்துக்காரங்க காதுக்குப் போச்சுன்னா..."

"போகாது" என்றார் இசாயாமா. நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம விதி என்ன? நடுவர் சொன்னா சொன்னதுதான். மாத்துற வழக்கம் இல்ல."

"இல்லவே இல்ல" என்றார் குசானோ.

"அம்மா பொம்பளையா இருந்தாலும் இத்தன வருஷம் நல்ல இரும்புக்கு நடுவுல வாழ்ந்தவங்க. அறியாமலே ஒரு கண்ணு வந்திருக்கும். அந்த முதல் ட்சுபா கியோத்தோதான். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. மிடோரிகாவா, தூரிகைய எடு."

அவருடைய மானம் தப்ப வேண்டும். அதற்காக நாரைக்கு மரியாதை கிடைத்தது. நாரை உண்மையில் யார் கைவேலை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அங்கிருந்த ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தவர் படத்துக்குள் இருந்தார். அவருக்காவது தெரிந்திருந்ததா என்று கேட்க ஆள் இல்லை.

மையைக் குழைத்தார்கள். பெட்டியின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு இசாயாமா தூரிகையைத் தோய்த்தார். கை நடுங்கவே இல்லை. 'ஹிகோ, நாரை' என்று அழகாக எழுதினார். பிறகு நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"பக்கத்துல ரெண்டு வரி விவரம் போடணும். என்னன்னு போடட்டும்மா?"

என்னிடம் கேட்டார். நான் என் கணவர் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமான அந்த வார்த்தைகளைச் சொன்னேன்.

"முதல் தலைமுறை. வயசாகறதுக்கு முன்னாடி செஞ்சது. இடது இறக்கை வலதைவிட ஒரு நூல் தடிப்பு. கை தவறினது இல்ல, வேணும்னே விட்டது."

"ஆகா" என்றார் இசாயாமா. ஒரு எழுத்து விடாமல் எழுதினார். இதே வார்த்தைகளை இதே மனிதரிடம் என் கணவர் இருபது புத்தாண்டிலும் வாசல் குளிரில் நின்று சொல்லியிருக்கிறார்.

கீழே தன் பெயரைப் போட்டு முத்திரையும் குத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, அன்றுவரை சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. இசாயாமா அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்லம்மா" என்றார் பெரிய மனதோடு. "டொயோநாகாவுக்காக இதக்கூட நான் செய்ய மாட்டேனா?"